தள்ளிப்போன வெள்ளிக்கிழமை

மஸ்கட்,
செவ்வாய் காலை

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீங்களும் காற்று பார்த்துக் கடலுக்குப் போங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை என்னால் வர முடியாது. பதறாதீர்கள். நேற்று பெட்டியைக் கட்டி, எடை பார்த்து, கயிறும் சுற்றிவிட்டேன். அப்போது வீட்டுக்கார அம்மா வந்து, மகனுக்குப் பரீட்சை முடியட்டும், பன்னிரண்டு நாள் கழித்துப் போ என்றார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஆரம்பாக்கம் லோகநாயகி அக்கா, "இன்னா செவ்வந்தி, மூணாவது தபா பெட்டிய பிரிக்கிற? பூட்டே தேஞ்சிடப்போவுது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, மாற்றுப்புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டினேன். கை ஓய்ந்துவிட்டது.

அக்கா இன்று ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

அர்ச்சனாவைத் தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து சொல்லுங்கள், கவுன் வாங்க வேண்டும். வீடியோவில் முகம்தான் தெரிகிறது, உயரம் தெரியவில்லை.

இன்னொன்று. ஏர்போர்ட்டுக்கு அவளை அழைத்து வராதீர்கள். போனிலேயே, பெற்ற என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறாள். அத்தனை பேர் நடுவில் உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால் என்னால் தாங்க முடியாது. வீட்டிலேயே இருக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் அவளாகவே என்னிடம் வரட்டும்.

வண்டி வந்துவிட்டது, அக்கா கூப்பிடுகிறார்.

உங்கள்
செவ்வந்தி