முகூர்த்த மெஷினில் ஏறாத துணி

தை 10, ஞாயிறு

கடும் பனி. உக்கடம் குளம் இருக்கிற இடமே தெரியவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. இருமல் பரவாயில்லை.

கிணத்துக்கடவிலிருந்து தம்பியும் அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாளும். (இனி வ. போதும். முழுப் பெயருக்கு மை வீண்.) மகள் மயிலாத்தாளுக்குக் கலியாணம், 20ஆம் தேதி, தோட்டத்திலேயே பந்தல். பிள்ளை வீட்டார் பொள்ளாச்சி, கொப்பரை வியாபாரம். சந்தோஷம். இந்த வீட்டில் தங்கி என் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்.

தம்பி வண்டிக்காரனோடு பேசப் போன சமயம் பார்த்து வ. ஆரம்பித்தாள். (நாத்தனாரை எங்கள் பக்கம் 'நங்கை' என்பது.)

"ஏனுங்க நங்கீங்க, வேலைக்குப் போனீங்க, ரவிக்கை போட்டீங்க. இப்பத்தான் பென்ஷன் ஆயிருச்சுங்களே. கண்ணாலத்துக்கு நாலு சனம் வருமுங்க. சீலையை இழுத்துப் போத்திக்கிட்டு வந்தாப் போதுமுங்க."

"பென்ஷன் ஆனா மாரும் பென்ஷன் ஆயிருமா அம்மணி?"

"நானாச் சொல்லலீங்க. ஊர்ச் சனம் சொல்லுமுங்க."

ஊர்ச் சனம்! பதினாறு வயதில் எனக்கு வெள்ளைச் சீலை கட்டிவிட்ட அதே சனம். பள்ளிக்கூடத்தில் ரவிக்கை போட்டாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு என்றதும் வாயை மூடிக்கொண்டது. கைம்பெண் ரவிக்கை போட்டால் போகிற மானம், துரைமார் பெயரைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டது போலும். வ. எதைச் சொன்னாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்வாள். ஊசி குத்தும்போது கம்பவுண்டர் தடவிக் கொடுப்பது போல.

தம்பி கிளம்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது: "அக்கா, மயிலாத்தா சொல்லி அனுப்புனா. அத்தை கையால அரிசி போடோணுமாம்." வ. முறைத்த முறைப்பில் அவன் வெற்றிலையை அப்படியே விழுங்கியிருப்பான். கைம்பெண் மணமக்கள்மேல் மஞ்சளரிசி போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். முதுகெலும்புக்குப் பாடப் புத்தகம் கிடையாது.

அரிசி போடுவேன். ரவிக்கையோடு.

தை 11, திங்கள்

ரவிக்கை இருப்பு: ஒன்று. பள்ளிக்கூடத்துக்குப் போட்டது. காலர் ஓரம் நைந்துவிட்டது. பிரிவு நாளில் பெண்கள் கொடுத்த வெள்ளை மல் துணி பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு, பழையதைத் தைத்த தெருமுனைத் தையற்காரரிடம் போனேன். துணியைத் தொடவில்லை அந்த மனிதர்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. தை மாசமுங்க. அத்தனையும் முகூர்த்தத் துணி. இந்த மெஷினுல உங்க வெள்ளையை ஏத்துனாப் பொண்ணு ஊட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. மாசி பொறக்கட்டுங்க."

"எது யாரு துணின்னு மெஷினுக்குத் தெரியுமா?"

"மெஷினுக்குத் தெரியாதுங்க. எம் பொண்டாட்டிக்குத் தெரியுமுங்க."

அவர் போட்டிருந்த சட்டையும் வெள்ளைதான். அது எந்த மெஷினில் ஏறிற்றோ. மகளை என் வகுப்பில் சேர்க்க வந்தபோது இதே மனிதர் வாசலில் நின்ற பணிவு நினைவுக்கு வந்தது. சொல்லிக்காட்டவில்லை. சொன்னால் மட்டும் உறைக்கவா போகிறது.

நானே தைக்கப் போகிறேன்.

தை 13, புதன்

ஊசி, நூல், கத்தரி வாங்கியாயிற்று. துணியில் கோடு போடச் சாக்குக்கட்டிக்கு இந்த வீட்டில் பஞ்சமில்லை.

பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பும் நான்தான் எடுத்தேன். சாண் அகலத் துணியில் ஓரம் மடித்து, பொத்தான் வைத்து, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அட்டையில் குத்திக் காட்டுவோம். அவர் "பேஷ்" என்பார். அந்தச் சாண் துணியைப் போட்டுக்கொண்டு யாரும் எங்கும் போக முடியாது என்பது இன்றைக்குத்தான் புலப்படுகிறது. பெரிய படிப்பு!

அளவுக்கு வேறு வழியில்லை. பழைய ரவிக்கையைத் தையல் தையலாகப் பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை அகலம். அக்குள் பக்கமும் இழுபட்டுக் கிடக்கிறது. இரண்டு கையை ஒன்றுபோல் வெட்டத் தெரியாத ஆசாமிக்கு முகூர்த்தத் துணி ஒரு கேடு. துணியை இரண்டாக மடித்து, இடது கையை மேலே வைத்து, இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டினேன். இப்போது சமம்.

தை 16, சனி

மில் சங்கு ஊதியதும் உட்கார்ந்தேன். பகல் முழுதும் தையல்.

முதுகு, முன்பக்கம் முடிந்தன. தோளில் கை பொருத்துவதுதான் பாடு. ஓர் உதாரணம்: கால்வாயைக் கொண்டுபோய்க் கிணற்று வாயில் சுற்றிலும் ஒட்ட வேண்டும், எங்கும் சுருங்கக் கூடாது. ஒரு கையை உள்புறம் வெளியே வரத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி அதே. என் வகுப்பில் எந்தப் பெண்ணாவது இப்படிச் செய்திருந்தால் பொறுமையாகத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு நானே பொறுமையாகச் சொல்லவில்லை; எழுதத் தகாத வார்த்தை.

பால் திரிந்துவிட்டது. கவனிக்கவில்லை.

தை 18, திங்கள்

முடிந்தது. போட்டுப் பார்த்தேன். இடது கை கச்சிதம்.

வலது கை தோளுக்குமேல் எழும்பவில்லை.

காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கரும்பலகை. இத்தனை வருஷம் ஒரே கையைத் தூக்கித் தூக்கி எழுதியதில் இந்தக் கை தடித்துப்போயிருக்கிறது. பழைய ரவிக்கையில் தையற்காரர் அந்தக் கையை அதற்குத் தகுந்தபடி அகலமாக வெட்டியிருக்கிறார். நான் அதைப் பிழை என்று திருத்திவிட்டேன். சரியாக எழுதியிருந்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டதற்குச் சமம்.

மிச்சத் துணி விரலகலம்கூட இல்லை. பழையது துண்டு துண்டாகக் கிடக்கிறது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் போகிறதே கையைத் தூக்கத்தான்.

தை 20, புதன்

முதல் பஸ். கிணத்துக்கடவில் இறங்கித் தோட்டத்துக்கு நடை. பனியில் பந்தல் ஓலையெல்லாம் சொட்டியது.

வ. என்னை மேலும் கீழும் பார்த்தாள். சீலைக்குள் தைத்த கோடு அவள் கண்ணுக்கு எட்டிவிட்டது. "வாங்க நங்கீங்க, உள்ள காத்தோட்டமா உக்காருங்க" என்று நிலக்கடலை மூட்டை அடுக்கிய அறையில் கொண்டுபோய் விட்டாள். காற்றோட்டம் எலிகளுக்கு. அங்கே ஏற்கெனவே மூன்று வெள்ளைச் சீலைகள். அதில் ஒருத்தி செல்லாத்தாள் பெரியம்மா. என் ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்து, "ஆருகிட்டக் கண்ணு தெச்சே? தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது" என்றாள். நானேதான் என்றேன். அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை.

கெட்டிமேளம். எழுந்து வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை; தடுக்க வேண்டிய அவசியமில்லை, எனக்கு முன்னால் ஐந்தாறு வரிசை உருமாலை கட்டிய ஆண் தலைகள். அரிசித் தட்டு வந்தது. தட்டைக் கொண்டுவந்தவள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினாள். நானே தட்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டேன். மணையில் மயிலாத்தாள் தலை குனியாமல் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அத்தனை தலைக்குமேல் போட வேண்டுமானால் பலகையின் மேல் வரியில் எழுதுகிற உயரம். தூக்கினேன்.

பர்ரென்று ஒரு சத்தம். மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. என்மேல் கண்ணாகப் பக்கத்தில் வந்து நின்ற வ.வுக்கும்.

"ஐயோ நங்கீங்க, கக்கத்துல கிழிஞ்சுபோச்சுங்க! கையை எறக்குங்க!"

கைம்பெண் அரிசி போடுகிறாளே என்று கத்தத் தோன்றவில்லை அவளுக்கு. அதற்குள் போட்டாயிற்று. மயிலாத்தாள் தலையில் விழுந்தது. அவள் சிரித்தாள். நாலைந்து அரிசி வ.வின் கொண்டையில். அது குறி தவறி விழுந்ததல்ல.

சாப்பாட்டுக்கு முன் மூட்டை அறைக்குத் திரும்பினேன். செல்லாத்தாள் பெரியம்மா கதவைச் சாத்தச் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தெச்சுத் தா கண்ணு. செத்தா அதைப் போட்டு எடுக்கட்டும்." செத்த பிறகு எதற்கு, பங்குனித் தேருக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பந்தலிலிருந்து வாழைநார் கிழித்து வந்து, முடிச்சுப் போட்டு அளவெடுத்தேன்.

இரண்டு கைக்கும் தனித்தனியாக.