ஏழு சோப்பும் ஒரு மாப்பிள்ளையும்

மண்ணூர்,
12.11.1991

அன்பு மகன் கன்னியப்பனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சினையாக இருக்கிற செவலைப் பசுவும் சௌக்கியம், பம்பாயில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கக் குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதியது வந்தது. நம் வீட்டுத் தீபாவளி என்றால் மட்டும் உன் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்துவிடுகிறது, போகட்டும்.

உன் தங்கை கலைமணிக்கும் மாப்பிள்ளை ரகுபதிக்கும் இது தலை தீபாவளி அல்லவா, எண்ணெய், சீயக்காய், வேட்டி, துண்டு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு வாசனை சோப்பு வாங்கி வாருங்கள் என்று உன் அப்பாவைக் குன்றத்தூருக்கு அனுப்பினேன். அனுப்பியது என் தப்பு. பஸ் ஸ்டாண்டு எதிரில் புதிதாக ஒரு கடை, கண்ணாடி அலமாரி முழுக்க சோப்புதானாம். முன்பெல்லாம் சோப்பு கேட்டால் சோப்பு கொடுப்பான், இப்போது கேட்டவனையே கேள்வி கேட்கிறான். முகத்துக்கா உடம்புக்கா என்றானாம். ரெண்டும் ஒரே ஆளோடதுதாம்பா என்றாராம் இவர். எலுமிச்சையா, சந்தனமா, பாலாடை போட்டதா, வேர்வைக்கா என்று அவன் அடுக்க அடுக்க இவருக்குத் தலை சுற்றிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசிக்காத மனிதர், ஒரு மணி நேரம் நின்று, எது ஒன்றை எடுத்தாலும் குறையாகிவிடுமோ என்று ஏழு வாங்கிக்கொண்டு வந்தார்.

தீபாவளி அன்று மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்து அனுப்பினால், கிணற்றடியில் உன் அப்பா ஏழு சோப்பையும் ரேஷன் கடைக் க்யூ மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார். மாப்பிள்ளை பார்த்தார், தன் தோளை ஒரு தரம் மோந்து பார்த்துக்கொண்டார். இன்னா அத்தே, என் மேல அவ்ளோ நாத்தமா அடிக்குது என்று கேட்டார் பார், எனக்கு உயிரே போய்விட்டது. கம்பெனியில் மெஷின் லைனில் நிற்கிறவர், கிரீஸ் வாடை போகவில்லை என்று ஏற்கெனவே கூச்சப்படுகிற பிள்ளை. கலைமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இனி இவர் நம் வாசப்படி மிதிப்பாரா என்று நான் தவிக்கிறேன், உன் அப்பா என்னவென்றால், இன்னும் ரெண்டு கலர் கீது, அதையும் வாங்கியாந்திருக்கணும் என்கிறார். அப்புறம் கடையில் நடந்த கூத்தை நான் சொல்லவும்தான் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. துவைக்கிற கல்லில் கிடந்த நீலத் துணி சோப்புக் கட்டியை எடுத்து, லைன்ல நிக்கிறவன் அழுக்குக்கு இதான் அத்தே கேக்கும், எங்க வூட்லயும் இதான் என்று அதையே தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, கேட்டுக் கேட்டு எட்டு இட்லி சாப்பிட்டார். ஏழு சோப்பும் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, என் புடவை எல்லாம் ஏழு விதமாக மணக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் வந்தபோது உன் சோப்பை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாய், நாலாம் நாள் அந்த ஈரத்தோடேயே மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று வந்த மருமகன் நம் துணி சோப்பை எடுத்துக் குளிக்கிறார், பெற்ற பிள்ளை நீ விருந்தாளி மாதிரி வந்துபோனாயே என்று இப்போது மனசு ஆறவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்குக் கட்டாயம் வா, வரும்போது அந்த சோப்பு டப்பாவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லம்மாள்