கடைசிச் சுரத்தின் நீளம்

செவ்வாய், இஷாத் தொழுகைக்குப் பின்.

மகள் றிஸ்னா பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுவில் மெலோடிக்கா ஊதுகிறாள். எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் ஊதுவதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தைப் பார்த்து நானே விளங்கிக்கொண்டேன். கால் வைத்த கறுப்புப் புள்ளிக்கு ஓர் எண்ணிக்கை, கால் வைத்த வெள்ளை வட்டத்துக்கு இரண்டு, காலில்லாத வெள்ளை வட்டத்துக்கு நான்கு. குர்ஆன் ஓதும்போது நீட்டலுக்கு விரல் மடக்குவது போலவே மடக்கிக் காட்டினேன். முடிவில் நிறுத்தும்போது மட்டும் விரும்பினால் கூடுதலாக நீட்டலாம் என்றும் சொன்னேன். ஓதலில் அப்படித்தானே.

இன்று ஒத்திகையில் எல்லோரும் நிறுத்திய பிறகும் இவள் மட்டும் ஊதிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"உங்கட கதையக் கேட்டுத்தான் உம்மா. ஒலுவில் துறைமுகத்துக்குக் கப்பல் வருதா புள்ளன்டு சேர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க."

"இங்க வாங்க மகள், திருத்திப் பாப்பம்."

"வேணாம். இனி நான் கூட்டாளிட ஊட்ட போய்ப் பழகுறன்."

அவளுடைய வாப்பா கத்தாரில். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து எண்ணும் நேரத்தில்தான் இந்த வீட்டில் பேச்சு இருந்தது. புத்தகத்தின் அடுத்த பக்கத்தில், ஊதாமல் இருக்கும் இடங்களுக்கும் எண்ணிக்கை போட்டிருக்கிறது. அதை நாளை சொல்லிக் கொடுக்க இருந்தேன். இனி மஃரிபு தொழுது, யாஸீன் ஓதி முடித்தால், இஷா பாங்கு வரை நான் என்ன செய்வேன், யா அல்லாஹ்.