ஒரு மீனும் கண்டுகொள்ளாத அரை மணி நேரம்

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. சின்னவள் நீச்சல் வகுப்புக்கு வாங்கிய கண்ணாடி. மூக்கையும் சேர்த்து மூடுகிற வகை. பிரித்ததும் புது ரப்பர் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ரசத்தை இறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "இன்னா யோசனை உனக்கு?" என்றார் அத்தை, நம் மாமியார். உங்கள் பெயரைச் சொன்னால் அழுவார் என்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே வீட்டில் இருந்தால் குடுமிப்பிடி சண்டைதான் என்று ஊரில் நினைப்பார்கள். சண்டை போட நமக்கு நேரம் எங்கே இருந்தது?

வேன் வாடகைத் தொழில் நன்றாக ஓடிய வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அந்தமான் பயணத்தை முடிவு செய்தார்கள். பெட்டியில் நீங்கள் முதலில் வைத்தது ரைஸ் குக்கரை. அத்தைக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதே! அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று சமையலறையே விமானம் ஏறியது. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்று தீவு தீவாகப் போனோம். படகை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். நாம் அறைக்குள் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடினோம். "ஊருதான் மாறுது, குக்கரு மாறலியே" என்றீர்கள், ஈரம் காயாத குக்கரைத் துண்டில் சுற்றிக்கொண்டே.

கல்பாக்கம் பக்கத்தில் பிறந்தவர் நீங்கள். கடல் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மகாபலிபுரம் போகும்போதெல்லாம் எல்லோருடைய செருப்பையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கால் நனைத்ததோடு சரி.

ஹேவ்லாக்கில் தண்ணீரில் குப்புற மிதந்து, வாயில் குழாயைக் கவ்வியபடி மீன் பார்ப்பது பேக்கேஜிலேயே சேர்ந்திருந்தது. ஆளுக்கு அரை மணி நேரம். "டிக்கெட்டு வீணாப் பூடும், போய்ட்டு வாங்க" என்று நம்மையும் அனுப்பினார்கள். நீங்கள் என் சுடிதாரைப் போட்டுக்கொண்டீர்கள். புடவை இல்லாமல் உங்களை அன்றுதான் பார்த்தேன். சின்னப் பெண் மாதிரி இருந்தீர்கள்.

எனக்கு அந்தக் கண்ணாடி மூக்கை இறுக்கியதுமே மூச்சு முட்டியது. வாயால் மூச்சு விடச் சொல்லி, கூட வந்த பயிற்சியாளர் எவ்வளவோ கையை ஆட்டினார். நான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மிதவை வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நீங்களோ முகத்தைத் தண்ணீரில் வைத்தவர் எடுக்கவே இல்லை. உங்கள் முதுகும் குழாய் நுனியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

நேரம் முடிந்ததும் பயிற்சியாளர் உங்கள் தோளைத் தட்டினார். தலையைத் தூக்காமலே, வரமாட்டேன் என்று கையை அசைத்தீர்கள். கரையில் மாமா, உங்கள் வீட்டுக்காரர், கத்த ஆரம்பித்தார். பசி வேளை வேறு. ஒருவழியாகக் கரையேறி வந்தபோது உங்கள் நெற்றியில் கண்ணாடி பதிந்த சிவப்புக் கோடு.

"கூப்ட்டுகினே கீறேன், காது கேக்கல?"

"கேட்டுது. ஆசையா இருந்துச்சி, இருந்தேன்."

சாக்கு சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நம் வீட்டில் ஒரு பெண் இப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஈரத் தலையோடு மாமாவுக்கு எலுமிச்சை சாதம் பரிமாறியதும் நீங்களேதான்; அது வேறு கதை.

பாத்திரம் கழுவும்போது, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். "மீனுதான். ஒரு மீனும் என்னக் கண்டுக்கலடீ. அவ்ளோ நிம்மதி" என்றீர்கள். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நிம்மதி என்ன என்பது இப்போது புரிகிறது.

காலை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கிற கம்பெனிக்கு நான் பஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு குடும்பத்துக்கும் நான் ஒருத்திதான். குளிக்கும்போதும் கதவைத் தட்டி, சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கிறார்கள். உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. தப்பித்துப் போய்விட்டீர்கள், என்னை மாட்டிவிட்டு. கோபம் அடங்கினால் அழுகை வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தார். "நீ வேலைய வுட்டுடு. வூட்டப் பாத்துக்க ஆளு வேணாமா?" அத்தை தலையாட்டினார். ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள் போலிருக்கிறது. பெரியவள் படிப்புச் செலவு என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். இத்தனை வருஷ சர்வீஸ் என்றேன். "சர்வீஸு சோறு ஆக்குமா?" சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றேன். வெளியாள் கைச் சமையலை அத்தை தொடமாட்டாராம். ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கடைசியில் காரணமே தீர்ந்துபோனது.

"எனக்கு அந்த வேல புடிச்சிகீது. நான் போவேன்."

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். என் வீட்டுக்காரர் என்னை வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். மாமா தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார், அக்கா. உங்கள் வீட்டுக்காரர்தான்! கழுவிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "அவளும் ஒரு தபா இப்டித்தான் சொன்னா" என்றார்.

அதற்காக எதுவும் மாறிவிடவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அடுப்பும் என்னை விடுவதில்லை. இருட்டில் எழுந்து எல்லோருக்கும் ஆக்கி வைத்துவிட்டு இந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனேன். மூச்சு முட்டத்தான் செய்கிறது, அக்கா. ஆனாலும் நாளைக்கும் போவேன்.