ஏழு ஆய்வேடுகளில் ஒரே கை

மார்ச் 3

காலையிலிருந்து மழை. பசை காயவில்லை. ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொண்டுவந்தவர்கள் கடை வாசலில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் இன்றைக்கே வேண்டுமாம். வருடக்கணக்கில் தூங்கிவிட்டு என்னிடம் வந்து அவசரம் என்கிறார்கள். கடை உதவிக்கு இருக்கும் ரெஸ்டி அட்டை ஒட்டுகிறாள், நான் இஸ்திரி போடுகிறேன்.

இஸ்திரி என்பது எங்கள் கடைப் பேச்சு. மேட்டின்மேல் இருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆங்கிலம் கசங்கிக் கிடக்கும். ஒரு வாக்கியம் கம்பாலாவில் பஸ் ஏறினால் எண்பது கிலோமீட்டர் தள்ளி ஜிஞ்சாவில்தான் இறங்கும். நான் வெட்டி, நீவி, மடிப்பு வைத்துக் கொடுப்பேன். நாசர் ரோடு அச்சகத்தில் தாள் அடுக்கப் போன காலத்தில், அங்கே அச்சானதையெல்லாம் படித்துக் கற்றுக்கொண்டது. பைண்டிங்கில் கடை வாடகை வரும். சோறு இஸ்திரியில்தான்.

தம்பி மகள் நசோஸியின் ஆய்வேடு ஜனவரியிலேயே மேலே போய்விட்டது. தங்க எழுத்து அட்டை, என் செலவு. இந்த மாதம் வாய்மொழித் தேர்வு. தேறினால் அங்கேயே விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான்.

மார்ச் 6

பசை காய்ந்தது. மின்சாரம் போனது.

மார்ச் 9

நசோஸி வந்தாள். வழக்கம்போல மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

தேர்வை நிறுத்திவிட்டார்களாம். மொழித்துறையில் ஒபோல் என்று ஒரு டாக்டர். எதையும் யார் எழுதியது என்று கணினியில் போட்டுக் கண்டுபிடிப்பது அவர் ஆராய்ச்சி. நடையை வைத்து ஆளைச் சொல்வதுபோல, வாக்கியம் போகிற போக்கை வைத்துச் சொல்லிவிடுவாராம். இந்த வருடத்து ஆய்வேடுகளை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏழில் ஒரே கை என்று வந்திருக்கிறது. வாழைப் பயிர், கோழி நோய், நிலச் சட்டம் என்று துறை வேறு, ஆள் வேறு. கை மட்டும் ஒன்று. ஏழில் ஒன்று இவளுடையது.

"யாருடி எழுதினது?"

"நான்தான் அத்தை."

"காசு குடுத்து வாங்கினியா?"

தரையைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லேன்டி!"

"நீங்க என்ன நினைக்கிறீங்களோ, அதுதான் அத்தை."

இது ஒரு பதிலா? எங்களில் ஒரு பெண் தப்பு செய்தால், தாயைக் கேட்க மாட்டார்கள். யார் இவளுக்கு அத்தை என்றுதான் கேட்பார்கள். ஏழு பேருக்கு எழுதி விற்ற ஒருவன் இந்தத் தெருவில் எனக்குத் தெரியாமல் கடை நடத்துகிறானா? அவனிடம் இவள் போனாளா? என்னிடம் இல்லாதது என்ன அவனிடம்?

மார்ச் 11

அவளுடைய ஆய்வகத்துக்கே போனேன். சொல்லாமல் போனால்தான் சரக்கு உள்ளபடி தெரியும்.

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுப் பாத்திரம். உள்ளே நகம் அளவு ஒரு படிகம். வெள்ளியைச் சூடாக்கி, அந்த ஆவியைப் படிகத்தின்மேல் படிய விடுகிறாள். தங்கமுலாம் எல்லாம் இதன் முன்னால் கம்பளி. அணு அணுவாக அடுக்கு. கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கச் சொன்னாள். பச்சைப் புள்ளிகள் வரிசையாக மின்னின. அணுக்கள் வரிசையாக இருந்தால்தான் புள்ளியும் வரிசையாக வருமாம்.

"கீழ படிகம் எப்படி வரிசையா இருக்கோ, மேல படியற வெள்ளியும் முதல்ல அப்படியே வரிசை பிடிக்கும் அத்தை. அவ்ளோ மரியாதை." இந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். "தடிக்கத் தடிக்க அதுக்குன்னு ஒரு புத்தி வரும். புள்ளியெல்லாம் கலைஞ்சிடும்."

"எத்தனை அடுக்குல கலையும்?"

"அதான் சொல்ல முடியல. மூணு வரைக்கும் நிக்கற மாதிரி இருக்கு. அதுக்கு மேல போறப்ப எல்லாம் கரண்ட் போய், உள்ள காத்து கசிஞ்சிடும்."

"சொல்ல முடியலையா? புத்தகத்துல அப்படி இல்லையே. 'வெள்ளி வரிசையாகப் படிகிறது.' நானே படிச்சேனே!"

அவள் துளைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் அழுக்கே இல்லை.

திரும்பும்போது போடா-போடா மோட்டார் சைக்கிள்காரன் குழிகளில் வண்டியை விட்டதுகூட உறைக்கவில்லை. அவள் வாய் தெரியாது என்கிறது, புத்தகம் தெரியும் என்கிறது. அப்படியென்றால் எழுதினது அவள் இல்லை. டாக்டர் சொன்னது சரிதான். பாவி மகளே.

மார்ச் 12

சாப்பாடு இறங்கவில்லை. ரெஸ்டி கேட்டாள்: "என்னக்கா, வாழைக்காய் மத்தோகேல உப்பு இல்லையா, உங்க மூஞ்சியில இல்லையா?"

மார்ச் 14

டாக்டர் ஒபோலே கடைக்கு வந்தார்! பைண்டிங் கடைகளையெல்லாம் சுற்றி வருகிறாராம். ஒல்லி மனிதர், செருப்பெல்லாம் சேறு. நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரர், பேச்சு மெது. என் விலைப்பலகையை நின்று படித்தார். 'முதலில் பணம். பிறகு பேச்சு. நாளை வா என்றால் நாளை.'

"இதை எழுதினது யாரும்மா?"

"நான்தான். ஏன், உங்க கணினிக்கு இதுவும் வேணுமா?"

"இது பத்தாது. குறைஞ்சது இருபது பக்கமாவது வேணும்." அவரும் சிரித்தார்.

அந்த ஏழிலும் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். எனக்கும் அந்த எழுத்து வியாபாரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வாக்கியமெல்லாம் குட்டை. அது பரவாயில்ல. ஆனா ஏழு பேருக்கும் எதுலயும் சந்தேகமே வரலம்மா. ஒருவேளை, இருக்கலாம், தோணுது... இப்படி ஒரு சொல்லு கிடையாது. ஆராய்ச்சி பண்றவன் பாதி நாள் சந்தேகத்துலதான் குடித்தனம் பண்ணுவான். சந்தேகமே இல்லாம பேசறவங்க ரெண்டே பேரு. பாதிரியார், அப்புறம் வியாபாரி."

நானும் சேர்ந்து சிரித்தேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் படியிறங்கியதும் என் விலைப்பலகையை நானே ஒருமுறை படித்தேன்.

மார்ச் 15

நான்தான்.

வாழைப் பயிர் என்னிடம் வந்தது. கோழி நோய் என்னிடம் வந்தது. ஏழும் என் மேசையில் இஸ்திரி வாங்கிப் போனவை. ஒருவேளை, தோன்றுகிறது, சொல்ல முடியவில்லை — இதெல்லாம் எனக்குச் சுருக்கம். கண்ணில் பட்டதும் நீவிவிடுவேன். 'இந்தத் துணி ஒருவேளை சாயம் போகாது' என்று சொல்லி எவளாவது துணி விற்றிருக்கிறாளா?

நசோஸியை வரவழைத்தேன்.

"நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கடையை மூட வெச்சிடுவாங்க அத்தை."

"சரி. நான் வெட்டினதை நீ பார்த்தியா இல்லையா? மூணு அடுக்குக்கு மேல தெரியாதுன்னு நீ எழுதி, நான் அதை எடுத்துட்டேன். பார்த்தியா?"

"பார்த்தேன்."

"திரும்ப எழுத வேண்டியதுதானே! கை இல்லையா?"

"அத்தை சரி பண்ணதை நான் திருப்பிச் சரி பண்றதா? எங்கயாவது நடக்குமா?"

மண்டியிடக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். படித்தவளாச்சே, இதுகூடத் தெரியாதா என்று கத்தினேன். கத்திவிட்டு, அவளுக்கு அவித்த கிழங்கு வைத்தேன். சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

மார்ச் 17

கணக்குப் போட்டேன். நான் போய்ச் சொன்னால், மேலே இருந்து ஒருவனும் என்னிடம் வர மாட்டான். பைண்டிங் மட்டும் வைத்து ரெஸ்டிக்குச் சம்பளம் எப்படி? சொல்லாவிட்டால், அவள் திருடி என்ற பேரோடு வெளியே வருவாள், வேலை வேறு எவனுக்கோ போகும்.

நடுவில் ஏதாவது விலை இருக்காதா? எப்போதும் இருக்குமே.

மார்ச் 18

இல்லை.

மார்ச் 20

மேட்டில் ஏறினேன். டாக்டர் ஒபோலின் அறையில் காகிதத்துக்கு நடுவே ஒரு நாற்காலி. அதைக் காலி செய்து உட்கார வைத்தார். சொன்னேன். எழுதி விற்கவில்லை, நீவி மட்டும் கொடுத்தேன் என்பதை அழுத்திச் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

"மருமகளைக் காப்பாத்த எந்த அத்தையும் இதைச் சொல்லுவாங்களேம்மா. நான் எப்படி எடுத்துக்கறது?"

"சரக்கை எடுத்து வெச்சுக் காட்டறேன். எதையாவது குடுங்க. நீவித் தர்றேன். உங்க கணினிக்குப் போடுங்க."

யோசித்தார். இன்னும் அச்சாகாத அவருடைய கட்டுரை ஒன்றையே எடுத்து நீட்டினார். "நிறையப் பக்கம் இருக்கு. எவ்வளவு ஆகும்?"

"முதலில் பணம்" என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

மார்ச் 22

அவர் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'இருக்கலாம்', 'இருக்கலாம்' என்றே இருக்கிறது. மனிதர் தன் பெயரைக்கூடச் சந்தேகப்படுவார் போல.

ஒன்று புரிகிறது. இதையெல்லாம் தொடாமல் விட்டு, நாலைந்து காற்புள்ளியை மட்டும் நகர்த்திக் கொடுத்தால், கணினி 'இவள் இல்லை' என்று சொல்லிவிடும். நான் போய்ச் சொன்னதாகவும் ஆகும், கடையும் பிழைக்கும். நசோஸியிடம் 'நான் முயன்றேனடி' என்று சொல்லலாம். அவள் நம்புவாள். நான் என்ன சொன்னாலும் நம்புவாள். அதுதான் பிரச்சினையே!

ரெஸ்டி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஒரே பக்கத்தை மணிக்கணக்கா முறைக்கறீங்க? கடன் வாங்கிட்டு ஓடினவனா?"

பேனாவை எடுத்தேன். எப்போதும் போடுவதுபோல இஸ்திரி போட்டேன். ஒன்றையும் விடவில்லை.

மார்ச் 28

எட்டாவதும் அதே கை.

டாக்டர் தன் கட்டுரையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். "நான் இவ்வளவு தைரியசாலின்னு எனக்கே தெரியாதும்மா. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு வரிக்குக்கூட நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

பல்கலைக்கழகக் குழு முடிவு செய்துவிட்டது. ஏழு பேரும் தங்கள் சொந்த வாக்கியத்தில் திரும்ப எழுதித் தர வேண்டும். கடைகளில் நீவக் கூடாது. என் கடைப் பெயரைப் போட்டே எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை போகிறது.

கோழி நோய்க்காரன் கடைக்கே வந்து கத்தினான். "காசும் வாங்கி, என் பட்டத்தையும் வாங்கிட்டீங்களே!" உன் ஆங்கிலத்தில் கோழி பண்ணைக்காரனைத் தின்றுகொண்டிருந்தது, நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்ல நினைத்தேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10

இஸ்திரிக்கு ஒருவரும் இல்லை. சுற்றறிக்கையில் பேர் வராத எதிர்க் கடையில் கூட்டம்.

ஏப்ரல் 21

நசோஸி புதிதாக எழுதியதைக் கொண்டுவந்தாள், பைண்டிங்குக்கு மட்டும். முதல் பக்கத்திலேயே கை துறுதுறுத்தது. நீள நீளமாகப் போகிறது. 'மூன்று அடுக்குவரை வரிசை நிலைப்பதாகத் தோன்றுகிறது. அதற்கு மேல் எங்கள் அளவீடு போதவில்லை.' நீவ வேண்டிய சுருக்கம் எத்தனை! கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

"எப்படி அத்தை இருக்கு?"

"என்னைக் கேக்காதே."

"சும்மா சொல்லுங்க."

"நீளம்."

"தெரியும். ஆனா மாத்த மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, அவளே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். நான் பசையைக் கலக்கினேன்.

மே 12

வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றதால் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நைரோபியிலிருந்து வந்த தேர்வாளர் சிடுமூஞ்சி. மூன்று அடுக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலாவதில் என்ன ஆகும், ஐந்தாவதில் என்ன ஆகும் என்று குடைந்தார்.

நசோஸி நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பெரியவர்களுக்கு முன்னால், குரல் நடுங்காமல், "தெரியாதுங்க" என்றாள். "நான் பார்த்தது மூணு வரைக்கும். அதுக்கு மேல சொன்னா அது பொய்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. விற்க வந்த இடத்தில் இப்படியா பேசுவது? ஆனால் அந்தச் சிடுமூஞ்சி பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு கடுமையான கேள்வியே வரவில்லை.

தேறிவிட்டாள். வேலையும் அவளுக்குத்தான்.

வாசலில் என்னைக் கண்டதும் மண்டியிட்டாள். புது கவுன் சேறாகுமே என்று நான்தான் திட்டித் தூக்கிவிட்டேன்.

மே 19

ஒரு பையன் வந்தான். மண் பரிசோதனை ஆய்வேடு. சுற்றறிக்கை படிக்கவில்லையா, அல்லது படித்துவிட்டுத்தான் வந்தானா? இஸ்திரிக்கு என்ன விலை என்றான். பைண்டிங் மட்டும்தான் என்றேன். படியிறங்கி எதிர்க் கடைப்பக்கம் பார்த்தான்.

"இங்க வா" என்று கூப்பிட்டேன். "உக்காரு. நீ எழுதினதை நீயே எனக்குப் படிச்சுக் காட்டு. எனக்குப் புரியாத இடத்துல கையைத் தூக்குவேன். மாத்தறது நீ. பேனாவை நான் தொட மாட்டேன். பாதி விலை."

சந்தேகமாகப் பார்த்தான். உட்கார்ந்தான். மதியம் வரை படித்தான். கை வலிக்கும் அளவுக்குத் தூக்கினேன். ஒரு இடத்தில் அவன் தானாகவே நின்று, "இது உண்மையில எனக்கு நிச்சயமில்லம்மா" என்றான்.

"அப்ப அதை எழுது" என்றேன்.

நாளைக்குத் தோழர்கள் இரண்டு பேரைக் கூட்டி வருகிறானாம். நாற்காலி பற்றாது. ரெஸ்டியை வாங்கி வரச் சொல்ல வேண்டும்.