மூலை மெஷினின் கூடை

மார்ச் 3
பண்பாட்டு மானிடவியல் படித்தவள் என்று இந்தத் தையல் ஆலை என்னை அழைத்திருக்கிறது. ஒரு மாதம் பெண்களோடு உட்கார்ந்து தைத்து, ஆலையின் 'பண்பாடு' என்ன என்று எழுதித் தரவேண்டும். "பெருசா ஒண்ணும் வேண்டாம் மேடம், சுவத்துல மாட்டுற மாதிரி நாலு வரி" என்றார் மேலாளர். பண்பாடு என்ன, பெயர்ப்பலகையா? கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 5
அக்கா போனில் சிரிக்கிறாள். "இவ்வளவு படிச்சது காலர் தைக்கவாடி?"
ஆமாம். கூட இருந்து, கூடச் செய்து, ஒரு கூட்டம் வாய்விட்டுச் சொல்லாமலே எதைச் சரி என்று நினைக்கிறது என்று பார்ப்பதுதான் என் படிப்பு. எத்தனை தடவைதான் சொல்வது? என் காலர்கள் எல்லாம் கோணல்.

மார்ச் 9
தைத்து முடித்ததைப் போடும் என் கூடையில் யாரோ கை வைக்கிறார்கள். நான் தைக்காத காலர்கள், நேர்த்தியாக, அதில் கிடக்கின்றன. கேலியா? பக்கத்து மெஷின்காரியிடம் எரிந்து விழுந்தேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்றாள்.

மார்ச் 12
கேலி இல்லை. மூலை மெஷின் அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். முதலில் முடிப்பவர்கள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவர் கூடையில் இரண்டு காலரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இப்போது என் கூடையிலும். நன்றி சொல்லக் கூடாது, அதுதான் இங்கே மரியாதை. நான் தேடி வந்தது இதைத்தான்.

மார்ச் 20
மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "யாரோ ஒருத்தங்க வேலையை மத்தவங்க செய்யறாங்கன்னு சந்தேகம். நீங்க உள்ளயே இருக்கீங்களே, யாருக்கு முடியலன்னு மட்டும் சொல்லுங்க. வேலையை விட்டு அனுப்பிடலாம்."
நான் என்ன ஒற்றனா? "அதுக்கு நான் படிக்கல சார்."
"அப்ப எதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்?"
என்ன மனுஷன் இவன் —

மார்ச் 21
அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அதில் கூடை பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை; எழுதினால் மூலை மெஷின் அக்காவை அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 28
வாசலில் பலகை மாட்டியாயிற்று: 'நாம் ஒரே குடும்பம்.'
மேலாளர் என் உற்பத்திக் கணக்கைப் பார்த்து அசந்துபோனார். "புதுசா வந்த நீங்களே இலக்கைத் தொட்டுட்டீங்க. அப்ப இங்க முடியாதவங்கன்னு யாரும் இல்ல போல. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."
"ஆமா சார்" என்றேன்.

மார்ச் 31
கடைசி நாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில், நானே தைத்த ஒரு காலரை மூலை மெஷின் அக்காவின் கூடையில் போட்டேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் கோணல்தான். அந்த வீங்கிய விரல்களால் தையலை மெல்லப் பிரித்து, மறுபடி தைத்து, போகிற போக்கில் என் கூடையில் வைத்துவிட்டுப் போனார்.
நான் நன்றி சொல்லவில்லை.