விசிறியில் இருந்த திருநீறு

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்.

இன்று சுதாவிடம் பொய் சொல்லிவிட்டேன். பெற்ற மகளிடம்.

என் வீட்டுக்காரர் ஊராருக்கு மனு டைப் அடித்துக் கொடுத்த கம்ப்யூட்டர், அவர் இறந்து நாலு மாதமாகச் சும்மா கிடந்தது. பழைய பெட்டிக்கு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் ஏற்றினால்தான் சரி என்று காலையிலேயே சுதா உட்கார்ந்தாள். மூன்று தடவை பாதியிலேயே நின்றுபோனது. பென்டிரைவை மாற்றினாள். ரேமைத் துடைத்து மாட்டினாள். கடைசியில் உள்ளே இருந்த சின்ன விசிறியைக் கழற்றினால், தூசியோடு திருநீறு அப்பிக் கிடந்தது. அதில்தான் சூடேறி நின்றிருக்கிறது.

"யாரும்மா இதுல விபூதி போட்டது?"

"உங்கப்பாதான்" என்று வாயில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் பெட்டி மேல் தூவியது நான். "காத்து போற ஓட்டைடி, போடாத" என்பார் அவர். அவர் குளிக்கப் போனதும் போடுவேன். போன வருஷம் அது அடிக்கடி நின்றபோது, "உங்களுக்கு ஓட்டத் தெரியல, வித்துத் தொலைங்க" என்று ஏசியதும் நான்தான். அவர் மறுபடி ஆன் செய்வார்.

சுதா சிரித்தாள். "அப்பாவா? கோயிலுக்குப் போனா வெளியவே செருப்பைப் பாத்துக்கினு நிப்பாரே, அவரா?" உடனே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்தத் திருநீற்றைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தாள். "அப்பா கை பட்டதும்மா. சென்னைக்கு எடுத்துனு போறேன்."

லினக்ஸ் நன்றாக ஏறிவிட்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "நீயும் வச்சிக்கோம்மா" என்று எனக்கும் நீட்டினாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். முடியவில்லை. நெற்றியைக் காட்டினேன்.